மல்லிகை என்று நினைத்து வெட்டிய லைலாக்

1

இந்த வருஷம் நான்கு கொத்துப் பூ. சமையலறை யன்னலில் நின்றபடியே எண்ணிவிடலாம். இதற்கு முந்திய இரண்டு மே மாதங்களிலும் ஒன்றுகூட இல்லை. அதற்கும் முந்திய மே மாதம் எண்ண முடியாத அளவு இருந்தது. இடையில் நடந்தது முழுவதும் என்னுடைய வேலை.

ஊரில் இருப்பவர்கள் லண்டனைப் பற்றிக் கேட்டால் சம்பளம், குளிர், விசா என்றுதான் கேட்பார்கள். மரத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். லைலாக்குக்குத் தமிழில் பெயர் இல்லை. அடியிலேயே பல தண்டுகளாகப் பிரிந்து ஆள் உயரத்துக்கு மேல் போகும் பற்றை அது. இலை பூவரசம் இலையைச் சிறிதாக்கியது போல இருக்கும். பூ கத்தரிப்பூ நிறம், நான்கு இதழ், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அப்படி நூறு பூ சேர்ந்தால் ஒரு கொத்து. மணம் மல்லிகையைப் போல ஒரே இடத்தில் தங்கி நிற்காது. காற்றுத் திரும்பும்போது வரும், போகும், நாம் திரும்பிப் பார்த்தால் இல்லை. மூன்று கிழமைதான், இருபத்தொரு நாள். பிறகு பழுப்பு நிறமாகி வருஷம் முழுக்க வெறும் இலை.

எங்கள் வீடு ஃபாரஸ்ட் கேட்டில், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளில் ஒன்று. பின்வளவு ஒரு வள்ளத்தின் நீளம். லைலாக் அதன் கடைசி மூலையில் நிற்கிறது. வீட்டில் நான், கணவர் ஜூட், மகள் மரீனா. மரீனாவுக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அச்சுத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மன்னாரில் அப்பா கடலுக்குப் போனவர். அம்மா கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பவர். இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. எட்டு வயதில் எங்கள் வீட்டுக் கடிதம், பக்கத்து வீட்டுக் கடிதம், பங்குச் சுவாமியாரிடம் கொடுக்க வெட்கப்பட்டவர்களின் கடிதம் எல்லாம் என் கைக்கு வந்தன. “இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை” என்பதுதான் நான் அதிகமாகக் கேட்டு வளர்ந்த வசனம். வாசித்துச் சொல்லும்போது பெரியவர்கள் நின்றுகொண்டும் நான் கதிரையில் இருந்துகொண்டும் இருப்போம். அந்தக் கதிரை எனக்குப் பிடித்திருந்தது.

லண்டனிலும் அதே கதிரைதான். கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. மாதக் கடைசி ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முன்னர் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு மேசை. கவுன்சில் கடிதம், பெனிபிட் என்ற அரசு உதவிப்பணக் கடிதம், வாகனம் நிறுத்திய தண்டக் கடிதம் என்று கடித உறைகளோடு வரிசையில் நிற்பார்கள். வாசித்துச் சொல்வேன், பதில் எழுதுவேன். யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் எனக்கு வரவில்லை. தேவைப்பட்டதில்லை.

இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர் நோரா. அயர்லாந்துக்காரர், அப்போதே எண்பதைத் தாண்டியவர். கணவர் இறந்த பிறகு மாடிப்படி ஏற முடியாமல் இரண்டு தெரு தள்ளி முதியவர்களுக்கான சிறிய ஃபிளாட்டுக்குப் போனார். நாங்களும் அவரும் ஒரே பங்கு, ஒரே கோயில். வக்கீலிடமிருந்து வந்த பத்திரங்களில் கொதிகலன், கூரை, கழிவுநீர்க் குழாய் எல்லாம் இருந்தன, லைலாக் இல்லை. அதை, வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில் தந்த அன்றைக்குத்தான் வாயால் சொன்னார். நோரா பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே இருப்பது என் தமிழ், அவர் எல்லோரையும் அழைக்கும் ‘லவ்’ தவிர.

“மே முதல் ஞாயிறு மாதாவுக்கு முடி சூட்டுகிறோம் அல்லவா, அந்த முடிக்குப் பூ இந்த மரத்திலிருந்துதான். நான் கல்யாணம் செய்து வந்த வருஷத்திலிருந்து. தருவாயா, லவ்?”

“நிச்சயமாகத் தருவேன்” என்றேன். மன்னாரிலும் மே மாதம் மாதாவின் வணக்க மாதம்தான். எங்கள் மாதா சுரூபத்துக்கு அம்மா வளர்த்த மல்லிகை போகும். ஆகவே இது எனக்குப் பெருமையான வாக்கு.

பிறகு அவர் ஒரு கடதாசி தந்தார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீல மையால் பத்துப் பதினைந்து வரி. “மரத்தை எப்படிப் பார்ப்பது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன்.”

பார்த்தேன். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கொளுவி, ஒரு பக்கமாகச் சரிந்து, சிக்குப்பட்ட தங்கூசித் தூண்டில் நூல் போலக் கிடந்தது. அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரிகள் பழக்கிய கூட்டெழுத்து. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அச்சு ஆங்கிலம். முதல் சொல்லே பிடிபடவில்லை. தலையை ஆட்டி, “அருமை, நன்றி” என்று சொல்லி மடித்து வைத்தேன்.

சமையலறை மேசை லாச்சியை இழுத்து, மின்சாரக் கடிதங்களுக்கு அடியில் வைத்தேன். அம்மாவும் கடிதங்களை அப்படித்தான் வைப்பார், வாசிக்க ஆள் வரும்வரை.

3

முதல் மே மாதம் மரம் என்னைக் கேட்காமலே பூத்தது. கூடை நிறையக் கொண்டுபோனேன். நோரா மாதாவின் பூமுடியைக் கட்டினார். சுவாமியார் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயர் பத்துமணிப் பூசையில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை என்று ஜூட் வீட்டுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த வருஷம் இன்னும் அதிகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நூலகத்தில் தாவரப் புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்தேன். லைலாக்கும் மல்லிகையும் ஒரே குடும்பம் என்று அதில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிட்டேன். மல்லிகையை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரிமழை விட்டதும் இலையை உருவி, கொப்பை ஒட்ட வெட்டிவிட வேண்டும். புதிதாகத் தளிர்க்கும் கொப்பில்தான் பூ வரும். வெட்டாத மல்லிகை இலை மட்டும் காட்டும்.

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை. வாட்சப்பில் அம்மா. தொலைபேசியை வேலிக்கட்டையில் சாய்த்து வைத்திருந்தேன்.

“இதுவோ பூமரம்? விறகு மாதிரி எல்லோ கிடக்கு.”

“குளிருக்கு இலை கொட்டிப்போச்சு அம்மா. மல்லிகையின்ர சொந்தம்தான்.”

“அப்ப வடிவா ஒட்ட வெட்டு மகள். பாவம் பாத்தியெண்டால் பூக்காது.”

ஜூட் பின்கதவில் தேத்தண்ணியோடு நின்றார். “இஞ்சேரும், அந்த மனுசி ஒரு கடதாசி தந்தவவெல்லே? அதில என்ன கிடக்கு?”

“எல்லாம் எனக்குத் தெரிஞ்ச விசயம்தான்” என்றேன்.

முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். கொப்பு நுனிகளில் பச்சையாக, இரண்டிரண்டாக, கொழுத்த மொட்டுகள் இருந்தன. இலைமொட்டு என்று நினைத்தேன். அவை கவுன்சிலின் தோட்டக் குப்பைப் பையில் போயின.

இந்த இடத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவின் வள்ளம் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அம்மா வழக்கம்போல, “வாசிச்சுச் சொல்லு பிள்ளை” என்றார். கதிரையில் இருந்தபடி கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டிவிட்டு, “பதிவு சரியாம், ஒண்டும் செய்யத் தேவையில்லையாம்” என்றேன். குறிப்பிட்ட நாளில் அரசாங்கக் கந்தோருக்கு வரச் சொன்ன கடிதம் அது. அப்பா அந்த நாளைத் தவறவிட்டார். பிறகு ஒரு மாதம் கடலுக்குப் போகாமல் கந்தோர் கந்தோராக அலைந்தார். கடிதம் பிந்தி வந்தது என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டார். தெரியவில்லை என்று நான் சொல்லியிருந்தால் சிங்களம் தெரிந்த ஊர் அதிகாரி விதானையார் வீட்டுக்கு நடந்திருப்பார்கள், பத்து நிமிஷம்.

4

இரண்டாம் மே மாதம் மரம் முழுக்க இலை. வளமான, பளபளப்பான, பூவரசிலை போன்ற இலை. ஒரு மொட்டுக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு பூக்கடையில் லைலாக் இருந்தது. அதே கத்தரிப்பூ நிறம். நான்கு கட்டு வாங்கினேன். கடைத் தாளைக் கழற்றிவிட்டு எங்கள் கூடையில் அடுக்கினேன். எங்கள் மரத்தின் இலைகள் சிலவற்றையும் பறித்து இடையில் செருகினேன். இதைத் திட்டமிட்டுச் செய்தேன், பதற்றத்தில் அல்ல.

நோரா கூடையை மடியில் வைத்து முகத்தைப் புதைத்தார். நிமிர்ந்தார். மறுபடியும் புதைத்தார். கடை லைலாக் காலத்துக்கு முன்னே கண்ணாடிக் கூடாரத்தில் பூக்க வைக்கப்பட்டு, குளிரூட்டிய வண்டியில் கடல் தாண்டி வருவது. நிறம் இருக்கும், மணம் இராது. எனக்கு அது அப்போது தெரியாது. பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“எனக்கு ஒன்றும் மணக்கவில்லை” என்றார் நோரா. சொன்னது என்னைக் குற்றம் சாட்டி அல்ல. தன் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். “உனக்கு மணக்கிறதா, லவ்?”

“ஓம்” என்று தமிழில் வாயில் வந்தது. பிறகு ஆங்கிலத்திலும் ஆமென்று சொன்னேன்.

5

மே கடைசி ஞாயிறு. மண்டபத்தில் என் மேசை. வரிசையில் ஐந்து பேர், நடுவில் நோரா. கையில் தொலைபேசி. வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது அதில்தான் படிவம் நிரப்ப வேண்டும், அவருக்கு அது ஏலாது. அவருக்குப் பின்னால் அந்தோனி அண்ணை, வழக்கம்போல வாகனம் நிறுத்திய கடிதத்தோடு.

“தங்கச்சி, வெள்ளைக்காரிக்கும் இங்கிலீசு நீர்தான் வாசிச்சுக் காட்டோணுமே?” என்றார் அண்ணை. வரிசை சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தொலைபேசியை வாங்கினேன்.

முதல் கேள்வி, என்ன பிரச்சினை. “மணம் தெரியவில்லை” என்றார் நோரா. தட்டினேன்.

இரண்டாவது, எப்போது தொடங்கியது.

“அதுதான் சரியாகத் தெரியுமே. மே முதல் ஞாயிறு. உன் பூவை மணந்தபோது.”

விரல் நின்றது.

மூன்றாவது, இதனால் உங்களுக்கு என்ன கவலை. நோரா மேசைக்குக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். “என் அக்காவுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் மூக்கு. பிறகு பெயர்கள். கடைசியில் என்னைத் தெரியவில்லை. இதை எழுத இடம் இருக்கிறதா?”

இடம் இருந்தது. ஐந்நூறு எழுத்துகள் வரை என்று போட்டிருந்தது.

இந்த மூன்று கிழமையில் நான் ஒரு தடவை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். பொறுமையின்மை, பிள்ளையை ஏசியது, பூசையில் பராக்கு. பூ அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

“இது தேவையில்லை” என்று தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். “என்னோடு வீட்டுக்கு வாருங்கள்.”

“தங்கச்சி, என்ர அலுவல்?” என்றார் அந்தோனி அண்ணை.

“அண்ணை, பொறுங்கோ. வாறன்.”

அன்றைக்கு நான் திரும்பி வரவில்லை. அண்ணை தண்டத்தை இரட்டிப்பாகக் கட்டினார், இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

வழி முழுக்க எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். அவசியம் இருக்கவில்லை. நான் மண்டபத்தில் நிற்கும் ஞாயிறுகளில்தான் ஜூட் கருவாடு சுடுவார், எனக்கு அயலவரை நினைத்து வெட்கம் என்பதால். முன்கதவைத் திறந்ததும் நோரா இரண்டடி பின்னே போனார்.

“தேவமாதாவே! என்ன செத்துக் கிடக்கிறது இங்கே?”

சமையலறையிலிருந்து ஜூட் இடுப்பில் சாரத்தோடு, கையில் இடுக்கியோடு எட்டிப் பார்த்தார். “ஐயோ, வாறனெண்டு ஒரு போன் அடிச்சிருக்கலாமே!”

“உங்களுக்கு மணக்கிறது” என்றேன் நோராவிடம்.

“தெருமுனை வரைக்கும் மணக்கும் இது.” சொல்லிவிட்டு நின்றார். மூக்கைத் தொட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அப்படியென்றால் அந்தப் பூ?”

“கடையில் வாங்கியது.”

பின்வளவுக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் உயரக் கட்டைகளையும் அவற்றில் தளிர்த்திருந்த இலைகளையும் நோரா சுற்றி வந்து பார்த்தார்.

“எப்போது வெட்டினாய்?”

“ஜனவரி.”

“ஜனவரியா? நான் எழுதித் தந்தேனே!”

லாச்சியிலிருந்து கடதாசியை எடுத்து வந்தேன். “எனக்கு இதை வாசிக்கத் தெரியவில்லை” என்றேன். எந்த மொழியிலும் நான் அதுவரை சொல்லாத வசனம் அது. சொன்ன பிறகு அடுத்தது இலகுவாக வந்தது. “ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கள்.”

நோரா கண்ணாடியைப் போட்டு, கடதாசியைக் கை நீளத்துக்குப் பிடித்தார். முதல் வரியை மட்டும் வாசித்தார். “குளிர்காலத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவே எடுக்காதே.” மடித்து என்னிடம் தந்தார். “மிச்ச வரிகள் உனக்கு இரண்டு வருஷத்துக்குத் தேவைப்படாது.”

மன்னிப்புக் கேட்டேன். “மூன்று கிழமை” என்றார் அவர். “பால் கெட்டுவிட்டதா என்று தெரியாது என்று நல்ல பாலையே வெளியே கொட்டினேன். கேஸ் கசிந்தால் தெரியாது என்று அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. தினமும் காலையில் அக்காவின் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொன்றாக.”

தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

6

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நோரா என்னோடு கதைக்கவில்லை. கோயிலில் தலையை மட்டும் அசைப்பார். ஆகஸ்டில் ஒருநாள் மணியடித்தது. கையில் ஒரு சிறிய பை சுண்ணாம்புத் தூள். “இந்த மண் அதற்குப் போதாது” என்று சொல்லிக்கொண்டே நேராகப் பின்வளவுக்குப் போனார். சமாதானமா என்று நான் கேட்கவில்லை. கடதாசியை எடுத்து வரச் சொன்னார்.

அவர் வரி வரியாக வாசித்தார். நான் ஒவ்வொரு வரிக்கும் அடியில் தமிழில் எழுதினேன். அடுத்த வருஷப் பூ இந்த வருஷக் கோடையிலேயே மொட்டாகிப் பழைய கொப்பில் காத்திருக்கும். வாடிய கொத்தை ஜூன் மாதமே கிள்ளிவிடு, விதை கட்ட விடாதே. வருஷத்துக்கு ஒரு கிழட்டுத் தண்டை மட்டும், பூ முடிந்ததும், அடியோடு எடு. வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை இழுத்துப் பிடுங்கு. மாதாவுக்குக் கொண்டுபோகும் கொப்பின் நுனியைச் சுத்தியலால் நசுக்கித் தண்ணீரில் வை, அப்போதுதான் வாடாது. ஓரிடத்தில் அவருக்கே தன் எழுத்து விளங்கவில்லை. “இது சாம்பலா, சாக்கா?” என்று என்னிடம் கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை. அந்த வரியை விட்டுவிட்டோம்.

கடதாசி இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தோடு இருக்கிறது. மூன்றாம் மே மாதமும் பூ இல்லை, கடைக்கும் நான் போகவில்லை. மாதாவின் முடி வேறு யார் வீட்டுப் பூவிலோ கட்டப்பட்டது. சுவாமியார் வேறு பெயர் சொன்னார்.

இன்றைக்குக் காலையில் நோரா வந்தார். ஊன்றுபொல்லு ஒரு கையில், மற்றக் கை மரீனாவின் தோளில். நான்கு கொத்தில் தாழ்ந்திருந்த ஒன்றைப் பிடித்து முகத்துக்கு இழுத்தார். நான் சமையலறைப் படியிலேயே நின்றேன். நோரா கண்ணை மூடி மணந்தார்.

“ம். இதுதான்.”

ஒரு கொத்து மாதாவுக்கு, மூன்று மரத்தில் இருக்கட்டும் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். கொப்பை வெட்டினேன். நுனியை நசுக்கச் சுத்தியல் தேடி உள்ளே வந்தோம். நோரா குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று தன் கடதாசியைப் பார்த்தார். நீல வரிகளுக்கு இடையில் என் தமிழ், அவசரத்தில் எழுதியது, எழுத்தோடு எழுத்து முட்டிக்கொண்டு.

“உன் அம்மா என் எழுத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாள்?” என்று மரீனாவிடம் கேட்டார். “வாசித்துச் சொல்லு பார்ப்போம்.”

மரீனா கிட்டப் போனாள். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினாள். அடுத்த வரியிலும் ஓட்டினாள். தலையை ஆட்டினாள்.

“நீங்கள் எழுதினதேதான்” என்றாள் ஆங்கிலத்தில்.

நோரா நம்பிவிட்டார். எனக்கு அந்தத் தலையாட்டலைத் தெரியும். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரை ஒன்றை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.